மூன்றாவது படுக்கையறை

லோர்னா ஹ்ரிபருக்கு எந்த வங்கியும் கடன் தரவில்லை. இருபத்தாறு வருடமாகப் பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டுகிறாள். கோடை விடுமுறையில் இரண்டு மாதம் சம்பளம் கிடையாது. அந்த இரண்டு மாதத்தைக் காட்டியே எல்லோரும் கையை விரித்துவிட்டார்கள். கிளீவ்லாந்தில் அவள் அப்பா விட்டுப்போன, வாடகைக்கு விட்டிருக்கும் வீட்டில் பாதி அவளுக்கு, பாதி தம்பி எமிலுக்கு. மாத முடிவுக்குள் தன் பாதிக்குப் பணம் வராவிட்டால், வீட்டை இடித்துவிட்டுக் கார் நிறுத்தப்போகிற ஒருவனுக்கு விற்றே தீருவேன் என்று எமில் ஒற்றைக் காலில் நின்றான்.

நான் கடன் தரகன்.

"கவலைய விடு லோர்னா. உன் சம்பளத்த யாரும் கேக்க மாட்டாங்க, வீட்டோட சம்பளத்ததான் கேப்பாங்க" என்றேன்.

வாடகை தவணையைத் தாண்டினால் போதும், நான் பிடித்த கடன் கம்பெனிக்கு மனிதர்கள் முக்கியமில்லை. தவணை, வரி, காப்பீடு சேர்த்து மாதம் ஆயிரத்து இருநூற்றெண்பது டாலர். இரண்டு படுக்கையறை வீட்டுக்கு ஆயிரத்து நூற்றைம்பதுக்கு மேல் வாடகை கிடைக்காது. மூன்று என்றால் ஆயிரத்து முந்நூறு. மூன்றாவது அறை இருந்தது, அதில் சுவரலமாரி இல்லை. எங்கள் ஊர் வீட்டு மதிப்பீட்டாளர்களுக்குச் சுவரலமாரி இல்லாத அறை படுக்கையறையே இல்லை, அதில் ஒருவர் பதினோரு வருடமாகப் படுத்திருந்தாலும்.

அப்படிப் படுத்திருந்தவர் தியோடிஸ் கேடிஸ், அங்கே வாடகைக்கு இருப்பவர். குளிருக்கு அந்தச் சின்ன அறைதான் இதம். சனிக்கிழமை தச்சன் வந்து அலமாரி கட்டினான். அதன்பின் கட்டிலைப் போட இடமில்லை.

"படுக்கையறை ஆக்குறேன்னு படுக்கைய வெரட்டிட்டீங்களே, மிஸ் லோர்னா!"

"சத்தம் போடாதீங்க மிஸ்டர் கேடிஸ். மதிப்பு போடறவரு வர்ற நேரம். கட்டில நிமித்தி வைங்க."

மதிப்பீட்டாளர் வந்தார். அலமாரிக் கதவைத் திறந்தார், மூடினார், திருப்தியாக இருமினார்.

"கட்டில் ஏன் நிக்குது?"

"எனக்கு முதுகு வலி சார்" என்றார் தியோடிஸ்.

மதிப்பீட்டாளர் தலையாட்டி, மூன்று படுக்கையறை என்று எழுதிக்கொண்டு போனார். இவருக்கெல்லாம் உரிமம் கொடுத்தவனைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.

ஆனால் கம்பெனி விடவில்லை. புது வாடகை ஒப்பந்தத்திலும் ஆயிரத்து முந்நூறு இருக்க வேண்டுமாம். தியோடிஸ் தருவதோ ஆயிரத்து நூற்றைம்பது. பேனாவை அவர் முன் வைத்தேன்.

"கட்டில் போன ரூமுக்கு நூத்தம்பது டாலர் கூடவா? என்ன பாத்தா இளிச்சவாயன் மாதிரி தெரியுதா, டெல்பர்ட்?"

லோர்னாவுக்குக் கண் கலங்கியது. தியோடிஸ் அதைப் பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். பிறகு தொண்டையைச் செருமினார்.

"சரி மிஸ் லோர்னா, கையெழுத்து போடறேன். ஆனா அந்த அலமாரிய உங்களுக்கு வாடகைக்கு விடுவேன். மாசம் நூத்தம்பது. உங்க கோட்ட மாட்டிக்குங்க."

"என் வீட்டு அலமாரிக்கு நானே வாடகை குடுக்கணுமா?"

"வேணாம்னா விடுங்க. கார்க்காரன் வரட்டும்."

நான் ஜன்னல் வழியே மழையை வேடிக்கை பார்த்தேன். என் காதில் எதுவும் விழவில்லை என்று சத்தியம் செய்யத் தயார். லோர்னா கோட்டைக் கழற்றிக் கொண்டுபோய் மாட்டினாள்.

மாத முடிவுக்கு இரண்டு நாள் முன்பு கடன் கிடைத்தது. கம்பெனியின் கடிதத்தை அவள் இரண்டு முறை படித்தாள்.

"இருபத்தாறு வருஷம் ஒரு நாள் லேட்டாகாம ஓட்டினேன் டெல்பர்ட். என்ன நம்பல. அலமாரிய நம்பிட்டாங்க."

தியோடிஸ் இப்போது அலமாரிக் கதவைக் கழற்றிவிட்டு, கட்டிலின் கால்மாட்டை உள்ளே தள்ளிப் படுக்கிறார். லோர்னா தன் வீட்டுக் கதவைத் தட்டிக் கோட்டு எடுக்க வரும்போதெல்லாம் காலை மடக்கிக்கொள்கிறார். அலமாரி வாடகை போக மாதாமாதம் தவணைக்கு நூற்று முப்பது டாலர் குறைகிறது. அதைப் பேருந்துச் சம்பளத்திலிருந்துதான் கட்டுகிறாள். கோடைக்கும் சேர்த்து எடுத்து வைத்திருக்கிறாள். கம்பெனி இன்றுவரை அந்தச் சம்பளத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.