கட்டிலின் சுவர்ப் பக்கம்

'டமார்!'

வீடே அதிர்ந்தது. நான் பதறி நிமிர்ந்ததில் என் தலை கட்டில் விளிம்பில் மோதியது. அளவு நாடா கையிலிருந்து நழுவிக் கட்டிலுக்கு அடியில் ஓடியது.

"பயப்படாதே ஜீன்," என்றாள் டார்னெல். "துரை முழிச்சிட்டாரு. அந்தச் சாய்வு நாற்காலியோட கால்பலகையை உதைச்சு மடக்குற சத்தம். தினமும் இதே கூத்துதான்."

"இன்னமும் அதுலயா தூங்குறாரு?"

"வேற எங்க?"

குரலில் கோபத்தைவிட அலுப்புதான் அதிகம். ஈஸ்டருக்கு முன்னால் இந்தக் கட்டிலில் படுத்திருந்தபோதுதான் அவள் கணவர் ராய்ஸுக்கு நெஞ்சு வலி வந்தது. பைபாஸ் நடந்தது, காயமும் ஆறியது. இனி தாராளமாக மல்லாந்து படுக்கலாம் என்று டாக்டரே சொல்லிவிட்டார். மனிதர்தான் கேட்கவில்லை. படுத்தால் எழுந்திருக்க மாட்டோம் என்ற பயம் மனதில் குடியேறிவிட்டது. இதோ, ஆறேழு மாதம் ஓடி, ஜார்ஜியா முழுக்கப் பீக்கன் கொட்டை உதிரும் காலம் வந்துவிட்டது. அவருக்குப் படுக்கை இன்னும் அந்த நாற்காலிதான்.

தனியாகப் படுப்பவளுக்கு அவ்வளவு பெரிய கட்டில் எதற்கு? டார்னெல் அதைச் சுவரோடு ஒட்டித் தள்ளிவிட்டாள். அடியில் அடைத்த சாமான்களை மறைக்க, மெத்தைக்குக் கீழிருந்து தரை வரை தொங்கும் பாவாடை ஒன்று வேண்டும் என்று என்னைக் கூப்பிட்டிருந்தாள்.

"இந்தப் பக்கம், அப்புறம் கால்மாடு. ரெண்டும் போதும்," என்றாள். "சுவர்ப் பக்கம் வேணாம். அங்க யாரு இறங்கப் போறா?"

கட்டிலுக்கு அடியில் கையை விட்டு நாடாவை எடுத்தேன். மெத்தையைத் தாங்கும் ஸ்பிரிங் பெட்டியின் விளிம்பிலிருந்து தரைக்கு நாடாவைப் பிடித்தேன். பெட்டி பழசு. கையால் அழுத்தினாலே அமுங்கியது.

"ஏண்டி, கொஞ்சம் மேல படு. ஆள் படுத்தா எவ்வளவு இறங்குதுன்னு பாக்கணும். போன வருஷம் பாஸ்டர் வீட்டுக் கட்டிலை வெறுமனே அளந்து தைச்சுட்டேன். மனுஷன் ஏறிப் படுத்ததும் பாவாடை தரையைக் கூட்டுது!"

டார்னெல் சிரித்துக்கொண்டே படுத்தாள். கொக்கு உட்கார்ந்த மாதிரி இருந்தது. பெட்டி இறங்கவே இல்லை.

"நீ பத்தாது. பாரமான ஆளு வேணும்."

"யாரு அது பாரமான ஆளு?"

ஐஸ் மிதக்கும் இனிப்புத் தேநீரோடு ராய்ஸ் அறை வாசலில் நின்றார். "கட்டிலுக்குப் பாவாடையா! அடுத்தது என்ன மிஸ் ஜீன், நாற்காலிக்கு உறையா?"

"நாற்காலிக்குத்தான் நீங்களே உறையா இருக்கீங்களே. வாங்க, ஒரு நிமிஷம் இதுல படுங்க."

அவர் முகம் மாறியது. ஓரடி பின்வாங்கினார்.

"டார்னெல்லே இன்னொரு தடவை படுக்கட்டுமே."

"கட்டிலுக்கு அடியில இருட்டு, நான் டார்ச் பிடிக்கணும்," என்றாள் டார்னெல், அவரைப் பார்க்காமல். "அளக்கத்தானே கூப்பிடுறா? தூங்கவா சொன்னா?"

ராய்ஸ் தம்ளரைக் கீழே வைத்தார். விளிம்பில் உட்கார்ந்தார். ஒரு கால், பிறகு மறு கால். மரக்கட்டை போல மல்லாந்தார். வலது கை நெஞ்சுச் சட்டையைக் கொத்தாகப் பிடித்திருந்தது.

பெட்டி ஓர் அங்குலம் இறங்கியது.

"அசையாதீங்க. பழைய வீடு, தரை ஏத்த இறக்கமா இருக்கும். நடுவுலயும் கால்மாட்டுலயும் பாக்கணும்."

"மூச்சு விடலாமா?"

"தாராளமா விடுங்க."

பயத்தை மறைக்கவோ என்னவோ, பேச ஆரம்பித்தார். பக்கத்து வீட்டு நாயைத் திட்டினார். உள்ளூர்ப் பள்ளியின் கால்பந்து அணியைத் திட்டினார். "அந்தக் கோச் இருக்கானே... அவனுக்குப் பந்து எந்தப் பக்கம் போகுதுன்னே..."

பேச்சு பாதியில் நின்றது.

கால்மாட்டில் முழங்காலிட்டிருந்த நான் நாடாவை விட்டுவிட்டு நிமிர்ந்தேன். டார்ச் வெளிச்சம் அவர் முகத்துக்குத் தாவியது.

"ராய்ஸ்?" என்றாள் டார்னெல்.

'கொர்ர்ர்ர்...'

மரம் அறுக்கும் மில் போலக் கிளம்பியது குறட்டை. சட்டையைப் பிடித்திருந்த விரல்கள் தளர்ந்து, கை மெத்தையில் சரிந்தது.

டார்னெல் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். கன்னம் நனைந்திருந்தது. நான் நாடாவைச் சுருட்டிக்கொண்டு பூனை நடையில் கிளம்பியபோது, என் முழங்கையைப் பிடித்து இழுத்துக் காதில் சொன்னாள்:

"அவரு எழுந்ததும் கட்டிலை நடுவுக்கு இழுத்துடறேன், ஜீன். சுவர்ப் பக்கத்துக்கும் சேத்துத் தைச்சுடு."