ரோட்டுக்கு அந்தப் பக்கம்

என் கணவர் சுஜினுக்கு துபாய் விசா வந்துவிட்டது. எங்கள் சொந்த வேனில் ஆட்களைக் கூட்டிப்போகும் இந்த முதல் டூர் நன்றாக நடந்து, மறுபடியும் ஆட்கள் வருவார்கள் என்று தெரிந்தால் போகமாட்டேன், இல்லையென்றால் வேனை விற்றுவிட்டு விமானம் ஏறிவிடுவேன் என்று சொல்லியிருந்தார். அன்று விடியும் முன்பே எழுந்து வேனைக் கழுவி நிறுத்தினேன்.

வந்தவர்கள் ஒரு வேன் நிறையக் கோயம்புத்தூர் ஆசிரியைகள். கூட்டி வந்த அஃப்ஸானா டீச்சர் நாகர்கோவில் கோட்டாறில் பிறந்து கோவைக்கு வாழ்க்கைப்பட்டவர். சிதறால் மலையில் சமணர்கள் பாறையில் செதுக்கிய உருவங்களைப் பார்த்ததும் படம் எடுத்துத் தள்ளினார்கள். மாத்தூர் தொட்டிப்பாலத்தில் நடக்கும்போது கீழே எட்டிப் பார்த்துவிட்டு, ஒருவர் கையை ஒருவர் இறுகப் பிடித்துக்கொண்டார்கள். எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. இனி பத்மநாபபுரம் அரண்மனை மட்டும்தான் பாக்கி, ஜெயித்துவிட்டோம் என்றே நினைத்தேன்.

அரண்மனை வாசல் பூட்டியிருந்தது. திங்கட்கிழமை விடுமுறையாம். பள்ளிக்கூடத்தில் கூட்டிப்போனபோது நான் பார்த்ததோடு சரி. பக்கத்தில் இருக்கிற இடத்துக்கு யாராவது நாள் விசாரிப்பார்களா? நானும் விசாரிக்கவில்லை. சுஜின் ஒன்றும் பேசாமல் ஸ்டியரிங்கையே பார்த்துக்கொண்டிருந்தார். அதற்கு நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை.

வீம்புக்கு வேனை எங்கள் ஊர் ஜங்ஷனுக்கு விடச் சொன்னேன். அருமனை தாண்டி, ரப்பர் தோட்டங்களுக்கு நடுவே இருக்கிறது. ரோட்டுக்கு இந்தப் பக்கம் தமிழ்நாடு, அந்தப் பக்கம் கேரளம். நாங்கள் உப்பு வாங்கவே மாநிலம் மாறுகிறவர்கள். அதையெல்லாம் யார் பார்க்கப்போகிறார்கள் என்றுதான் நினைத்திருந்தேன்.

இறங்கியதுமே ஆசிரியைகளுக்குத் தலைகால் புரியவில்லை. இந்தப் பக்கம் டீ குடித்துவிட்டு, லாட்டரிச் சீட்டு வாங்க அந்தப் பக்கம் போகிறவர்களைப் பார்த்துச் சிரித்தார்கள். ஒரு காலை இங்கும் ஒரு காலை அங்குமாக வைத்துப் படம் எடுத்தவர்களை லாரிக்காரன் ஹாரன் அடித்துத் துரத்தினான். இந்த ரோட்டை எப்போதாவது அடைத்ததுண்டா என்று அஃப்ஸானா டீச்சர் கேட்டார்.

அரண்மனை வாசலில் வாயை மூடிய சுஜின் இப்போது திறந்தார்.

"கொரோனா நேரம் அடச்சுப்போட்டாவ, டீச்சர். எனக்க வீடு இஞ்ச, இவளுக்க வீடு அங்க. எங்களுக்கு நிச்சயம் முடிஞ்சு நிக்குது. நான் ஒரு சக்கப்பழத்த, உங்க பலாப்பழத்த, தடுப்புக்கு அடியில வச்சேன். போலீசுகாரரு அத காலால அந்தப் பக்கம் உருட்டி விட்டாரு."

டீக்கடையே கூடிவிட்டது. தினமும் சாயங்காலம் தடுப்புக்கு இந்தப் பக்கம் வந்து நின்றதையும், கையை மட்டும் காட்டிவிட்டுத் திரும்பியதையும் கை காலை ஆட்டி ஆட்டிச் சொன்னார். இந்த மனிதருக்கு இப்படிக் கதை சொல்லத் தெரியும் என்று எனக்கே தெரியாது. பெருமையில் வாய் சும்மா இருக்கவில்லை.

"ஒரு ரோட்ட தாண்ட முடியாம கண்ணு கலங்கி நின்ன ஆளு, டீச்சர். இப்போ கடலு தாண்டிப் போவப் போறாராம்."

எல்லோரும் சிரித்தார்கள். சுஜின் சிரிக்கவில்லை. சொல்லியிருக்க வேண்டாமோ என்று எனக்குப் பக்கென்றது.

அடுத்த லீவில் வீட்டு ஆண்கள், மாமியார்கள் எல்லோரையும் கூட்டிக்கொண்டு வருவோம், இரண்டு வேன் வேண்டியிருக்கும் என்றார் அஃப்ஸானா டீச்சர். ஆனால் இந்தக் கதையை இவர்தான் சொல்ல வேண்டும், ஊரில் இருப்பாரா என்று கேட்டார். நான் சுஜினைப் பார்த்தேன். அவர் போனை எடுத்துக்கொண்டு ரோட்டைக் கடந்தார். யாரிடமோ பேச ஆரம்பித்தார். குறுக்கே கேரளா பஸ் வந்து நின்று அவரை மறைத்துவிட்டது. அந்த டிரைவரை மனதுக்குள் வாய்க்கு வந்தபடி ஏசினேன்.

பஸ் நகர்ந்தது. சுஜின் வேகவேகமாக இந்தப் பக்கம் வந்தார்.

"ஏஜென்டுகிட்ட வரல்லன்னு சொல்லியாச்சு. ரெண்டாவது வேனுக்கு ஒரு டிரைவர் பாக்கணும்."

ஆசிரியைகள் இருக்கிறார்கள், கடைக்காரர்கள் பார்க்கிறார்கள் என்றெல்லாம் யோசிக்காமல் அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.