இலுப்பைக்குள் இருந்தவள்

கிட்ட வாருங்கள் குஞ்சுகளே, இன்னும் கிட்ட. வாசலில் நிற்கிறவரும் உள்ளே வந்து இருங்கள், அங்கே நின்றால் பாதிக் கதையைக் காற்றுக் கொண்டுபோய்விடும். பிள்ளை பெற்ற இரண்டு பேருடைய கதை சொல்லப்போகிறேன். ஒருத்தி யன்னலுக்கு உள்ளே இருந்தாள், மற்றவள் மரத்துக்கு உள்ளே. நடுவில், நல்ல மனம் கொண்ட ஒரு மனிசன் விட்ட பிழையும் வருகிறது.

கொடிகாமம் சந்தையில் கஜானனைத் தெரியாதவர் இல்லை. பட்டா என்கிற சின்ன லொறியில் மரக்கறி ஏற்றி வவுனியாவுக்குக் கொண்டுபோகிறவன். கல்யாணம் முடித்த நாள்முதல் பெண்சாதி நிவேதனாவின் வீடுதான் அவனுக்கும் வீடு. மாமியார் மீனாம்பிகை. போன வைகாசியில் நிவேதனாவுக்குத் தலைப்பிள்ளை பிறந்தது, பெண். ஆஸ்பத்திரியால் வந்த கையோடு தாய் அவளைப் பின்பக்கத்து அறையில் விட்டுக் கதவைச் சாத்தினாள். முப்பத்தொரு நாள் முடிந்து துடக்கு என்கிற பிள்ளைப்பேற்றுத் தீட்டுக் கழியும்வரை படி தாண்டக்கூடாது. காற்றுப் படக்கூடாது. கைத்தொலைபேசி பார்த்தால் கண் பழுதாகும், அதுவும் கூடாது. மிளகும் மல்லியும் மஞ்சளும் இடித்துப் போட்ட சரக்குக்கறியும் சோறும் வேளாவேளைக்குக் கதவு நீக்கலால் வரும்.

அது சோளகம் வீசுகிற காலம். பகல் முழுக்கக் காற்று வேலித் தகரத்தைப் பிடித்து உலுப்பும், கதவுகள் அடிக்கும், புழுதி எழும்பும். வீட்டுக்குள் ஒரு சாமானும் வைத்த இடத்தில் இராது. நிவேதனாவின் மனமும் அப்படித்தான். படுப்பாள், எழும்புவாள், பிள்ளையைத் தூக்குவாள், கிடத்துவாள். அவளுக்கென்று இருந்தது ஒரு கண்ணாடி யன்னல். அதற்கு நேரே வேலியோரத்தில் பெரிய இலுப்பை.

அந்த இலுப்பையில் கூரை உயரத்துக்கு ஒரு பொந்து. பிள்ளை பிறக்க முன்னமே அங்கே இரண்டு பறவைகள் திரிந்ததை அவள் கண்டிருந்தாள். கறுப்பு உடம்பு, வெள்ளை வயிறு, சாண் நீளம் சொல்லக்கூடிய மஞ்சள் சொண்டு. அந்தச் சொண்டின்மேல் இன்னொரு சொண்டைக் கவிழ்த்து வைத்ததுபோல ஒரு கொண்டை. வன்னியில் இரட்டைச்சொண்டு என்பார்கள். புத்தகத்தில் இருவாய்ச்சி என்று இருக்கும். அவள் ஆஸ்பத்திரியால் திரும்பி வந்தபோது ஒன்றைக் காணவில்லை. பொந்தின் வாயும் இல்லை. சேறும் எச்சமுமாகப் பூசி அடைபட்டு, இரண்டு விரல் அகலத்துக்கு நெடுக ஒரு வெடிப்பு மட்டும் இருந்தது. மற்றப் பறவை வந்து மரத்தில் டொக் டொக் என்று தட்டும். தொண்டைக்குள்ளிருந்து ஆலம்பழத்தை ஒவ்வொன்றாகக் கக்கி எடுத்து வெடிப்புக்குள் நீட்டும். உள்ளிருந்து ஒரு சொண்டு நுனி வந்து வாங்கும். நிவேதனாவுக்கு அதைப் பார்த்துக்கொண்டிருந்தால் கொஞ்சம் ஆறும்.

பின்னேரங்களில் கஜானன் வாசலில் நின்று பிள்ளையை எட்டிப் பார்ப்பான். ஒருநாள் அவள் பகிடியாகச் சொன்னாள்:

“வெளியிலை உங்களை மாதிரி ஒருத்தர் நிக்கிறார். உங்களை விடக் கெட்டிக்காறன். பெண்சாதிக்கு வேளைக்குச் சாப்பாடு கொண்டு வாறார்.”

“ஆர் உவர்?” என்று அவன் கேட்டான். அதற்குள் சந்தையிலிருந்து அழைப்பு வந்தது, தக்காளி விலை கதைத்துக்கொண்டு போய்விட்டான். பகிடி அந்தரத்தில் நின்றது.

இனித்தான் சிக்கல். அந்த ஆண்பறவை கண்ணாடியில் தன் உருவைக் கண்டு, வேறொருத்தன் வந்துவிட்டான் என்று நினைத்தது. வந்து வந்து யன்னலைக் கொத்தத் தொடங்கியது. சத்தத்துக்குப் பிள்ளை திடுக்கிட்டு, முதுகை வளைத்து வீரிடும். மீனாம்பிகை பார்த்தாள், இது பட்சிதோஷம் என்று முடிவுகட்டினாள். பச்சைப்பிள்ளையில் பறவையின் நிழல் விழுந்தால் பிள்ளை இப்படித்தான் வளையும் என்பது அவள் கேட்டு வளர்ந்தது. அந்தக் கறுப்புச் சாமான் இனி இந்த வளவில் இருக்கப்படாது என்று மருமகனிடம் சொல்லிவிட்டாள்.

கஜானன் ஒரு எறும்பையும் பார்த்துத்தான் மிதிப்பான். தொலைபேசியில் அந்தப் பறவையைத் தேடிப் பார்த்தான். ஒரு நிலப்படம் வந்தது. அது வாழ்கிற இடமெல்லாம் பச்சை. இந்தியாவில் சில திட்டுகள், இலங்கையில் வன்னியிலிருந்து கீழே பரவலாக. ஆனையிறவுக் கடல்நீரேரிக்கு இந்தப் பக்கம், எங்கள் ஊர்கள் இருக்கிற இடம், வெறும் வெள்ளை. அவன் அதை மாமிக்கு நீட்டிக் காட்டினான்.

“உது எங்கடை பக்கத்துக் குருவி இல்லை மாமி. பாவம், வழி தவறி வந்து தனிய நிக்குது. அதுதான் விசர் பிடிச்சுக் கண்ணாடியைக் கொத்துது. கொண்டுபோய் அதின்ரை காட்டிலை விட்டால் சந்தோசமாய் இருக்கும்.”

குஞ்சுகளே, அவன் மனதறிந்து பொய் ஒன்றும் சொல்லவில்லை. படம் கீறினவரும் பிழை விடவில்லை. அந்த இரண்டு பறவைகளும்தான் படத்தைப் பார்க்காமல் கடல்நீரேரிக்கு மேலால் பறந்து வந்துவிட்டன.

மறுநாள் விடிய, பிள்ளை இராமுழுக்க அழுது களைத்து உறங்கியதில் நிவேதனாவும் அயர்ந்துபோனாள். அந்த நேரம் பறவை யன்னல் கம்பியில் வந்து குந்தியது. கஜானன் கோழிக்கூட்டு வலையை எறிந்து பிடித்தான். மரக்கறிக் கூடைக்குள் வைத்து மேலே சாக்கைக் கட்டி, பட்டாவில் ஏற்றிக்கொண்டு வெளிக்கிட்டான்.

அவள் கண் விழித்தபோது யன்னல் பேசாமல் இருந்தது. முதலில் அது நிம்மதியாக இருந்தது. வெயில் ஏறியது, இலுப்பைக்கு ஒருவரும் வரவில்லை. வெடிப்புக்குள் சொண்டு நுனி தெரிந்தது, மறைந்தது, பிறகும் தெரிந்தது. நிவேதனா கட்டிலுக்கும் யன்னலுக்குமாக நடந்தாள். சோறு கொண்டுவந்த தாயிடம் கேட்டாள். மருமகன் அதைப் பிடித்து வன்னிக்குக் கொண்டுபோய்விட்டார், இனிப் பிள்ளை உறங்குவாள் என்று தாய் சந்தோசமாகச் சொன்னாள்.

நிவேதனா சோற்றுக் கோப்பையைக் கீழே வைத்தாள்.

“அம்மா, மரத்துக்குள்ளை ஒருத்தி இருக்கிறாள். அவளுக்கு இனி ஆர் சாப்பாடு குடுக்கிறது?”

மீனாம்பிகைக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பிள்ளை பெற்ற பச்சை உடம்புக்காரி, தலைவிரிகோலமாக நின்று, இலுப்பையைக் காட்டி, உள்ளே ஒருத்தி இருக்கிறாள் என்கிறாள். வேறென்னத்தை நினைப்பாள்? உப்பும் செத்தல்மிளகாயும் எடுத்து மகளைச் சுற்றி அடுப்பில் போட்டாள். போட்டுவிட்டு ஓடிப்போய், நூல் கட்டிப் பார்வை பார்க்கிற சீவரத்தினத்தைக் கூட்டிவந்தாள். அவர் துடக்கு அறைக்குள் வரமாட்டார். திருநீற்றுச் சிரட்டையோடு வாசலுக்கு வெளியே நின்று விசாரித்தார்.

“மரத்திலை இருக்கிறவளின்ரை பேர் என்ன பிள்ளை?”

“பேர் தெரியாதண்ணை. இரட்டைச்சொண்டு.”

“இரண்டு சொண்டோ?” அவர் ஒரு அடி பின்னுக்குப் போனார். “என்ன கேக்கிறாள்?”

“பழம்.”

“இரத்தம் கேக்கேல்லையோ?”

“இல்லை. பழம், ஓணான், பூச்சி.”

தம்முடைய காலத்தில் இப்படி ஒன்று தமக்கு அகப்படவில்லை என்று சீவரத்தினம் மீனாம்பிகையிடம் மெதுவாகச் சொன்னார்.

அந்த நேரம் கஜானன் எங்கே நின்றான் தெரியுமா? மாங்குளம் தாண்டி, பாலைமரங்கள் பழுத்து நின்ற காட்டோரத்தில் கூடையைத் திறந்துவிட்டான். பறவை சிறகடித்து எழும்பிப் போனதைக் கண்குளிரப் பார்த்தான். திரும்பி வருகையில் முறிகண்டியில் எல்லாரையும்போல நிறுத்தி, பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்து, தேத்தண்ணியும் கச்சான் கடலையும் வாங்கிக்கொண்டு இருந்தான். புண்ணியம் செய்த சந்தோசத்தில் அந்தப் பறவையைப் பற்றி இன்னும் வாசித்தான். ஆசியாவில் இதன் சொந்தக்காரர் முப்பது இனத்துக்கு மேல், இந்தியாவிலிருந்து நியூகினித் தீவுவரை. பிலிப்பைன்ஸில் தீவுக்குத் தீவு வேறு வேறு சாதி. அந்தமான் கடலில் ஒரேயொரு சின்னத் தீவை விட்டால் உலகத்தில் வேறெங்கும் இல்லாத ஒன்று. போர்னியோப் பக்கம் ஒன்றுக்குக் கொண்டை தந்தம்போலக் கட்டி, அதற்காகவே சுட்டுக் கொல்லுகிறார்கள். எங்கள் நாட்டில் இரண்டு. கொண்டையில்லாத சாம்பல் நிறத்தது இலங்கைக்கு மட்டுமே உரியது. மற்றது அவன் காலையில் கூடையில் ஏற்றினது.

கச்சான் கோதை உடைத்து உடைத்து வாசித்துக்கொண்டு போனவன் ஒரு வரியில் நின்றான். நிறமும் அளவும் நாடும் எப்படி மாறினாலும் இவை எல்லாவற்றுக்கும் ஏறக்குறைய ஒரே வழக்கம். பெண் பொந்துக்குள் போய் வாயை அடைத்துக்கொள்ளும். உள்ளே சிறகின் இறகுகளை உதிர்த்துவிடும், பறக்கமுடியாது. ஆண் கொண்டுவந்து ஊட்டினால்தான் தாய்க்கும் குஞ்சுக்கும் உயிர்.

வெளியிலை உங்களை மாதிரி ஒருத்தர் நிக்கிறார். அந்தப் பகிடி இப்போதுதான் அவனுக்கு விளங்கியது.

வீட்டுக்குத் தொலைபேசி எடுத்தான். மாமிதான் கதைத்தாள். அழுகையோடு, கெதியாக வாங்கோ தம்பி, மகளை இலுப்பையில் இருக்கிறவள் பிடித்துவிட்டாள், மரத்துக்குள்ளே ஒருத்தி என்று பிதற்றுகிறாள் என்றாள்.

“மாமி,” என்றான் கஜானன். “அவள் சொல்லுறது சரி. உள்ளுக்கை ஒருத்தி இருக்கிறாள்.”

மீனாம்பிகை தொலைபேசியை மேசையில் வைத்துவிட்டுச் சீவரத்தினத்தைப் பார்த்தாள். “மருமோனையும் பிடிச்சிட்டாளண்ணை,” என்றாள்.

இவர்களை நம்பி இருந்தால் சரிவராது என்று நிவேதனாவுக்குத் தெரிந்தது. பிள்ளையைத் தாயின் கையில் கொடுத்தாள். அறைக் கதவைத் தள்ளிக்கொண்டு, தாய் கத்தக் கத்த, துடக்கோடு முற்றத்தில் இறங்கினாள். குசினியில் இருந்த பப்பாசிப் பழத்தில் ஒரு சின்னத் துண்டை வெட்டி, முருங்கைக்காய் பறிக்கிற கொக்கத்தடியின் நுனியில் குத்தினாள். காற்று தடியை இழுத்தது. ஒருமாதிரித் தூக்கி வெடிப்புக்கு நேரே பிடித்தாள். உள்ளிருந்து ஒன்றும் வரவில்லை. பிடித்துப் பிடித்துக் கை சோர்ந்தது. பிறகு நினைவு வந்து, ஆண்பறவை தட்டுகிறமாதிரி மரத்தில் டொக் டொக் என்று தட்டிவிட்டு நீட்டினாள்.

மஞ்சள் சொண்டு நுனி வெளியே வந்தது. கொஞ்சம் யோசித்தது. பப்பாசியைக் கவ்விக்கொண்டு உள்ளே போனது. உள்ளே சின்னதாய்க் கீச்சிடும் சத்தம்.

பிள்ளையோடு பின்னால் ஓடிவந்த மீனாம்பிகை அப்படியே நின்றாள்.

“பெத்தவளோ?”

“ஓமம்மா.”

மீனாம்பிகை அந்த அடைப்பை அண்ணாந்து பார்த்தாள். முகத்தில் பயம் போய் வேறொன்று வந்தது. துடக்குக்காரி படி தாண்டியதற்கு ஒரு வழி சொல்லவேண்டுமே.

“துடக்குக்காறி துடக்குக்காறிக்குச் சாப்பாடு குடுக்கலாம்,” என்றாள். “அதிலை குற்றமில்லை. சீவரத்தினமண்ணை, நீங்கள் போயிட்டு வாங்கோ.”

இருட்டுப்படக் கஜானன் வந்தான். ஒருவரும் அவனை ஏசவில்லை, அது அவனுக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. அடுத்த நாள் விடிய ஏணி வைத்து ஏறினான். மரம் தட்டினான், பழம் நீட்டினான். ஆலம்பழம் தேடி மீசாலை, எழுதுமட்டுவாள் என்று அலைந்தான். வெட்டுக்கிளி பிடித்தான். மூன்று வேளையும் போதாது, ஆண்பறவை ஒருநாளில் எத்தனை தரம் வந்துபோயிருக்கும் என்று இப்போதுதான் அவனுக்குத் தெரிந்தது. இடையில் ஒருநாள் மாங்குளத்துக்கும் ஓடினான். காட்டோரத்தில் நின்று அந்தப் பறவை மாதிரிக் கத்திப் பார்த்தான். பாலைப்பழம் பொறுக்க வந்த பெண்கள் விலகிப் போனார்கள்.

மீனாம்பிகை கீழே நின்று, பிள்ளை பெற்றவளுக்குப் பப்பாசி சூடல்லவா, சரக்குத்தூள் கொஞ்சம் பூசிக் கொடுத்தால் என்ன என்று கேட்பாள். வேண்டாம் என்பார்கள். ஒரு காலை, முற்றம் கூட்ட வந்தபோது அவள் மரத்தடியில் ஒரு குஞ்சு கிடக்கக் கண்டாள். இறகு முளைக்காத சிவந்த குஞ்சு, உயிர் இல்லை. வந்த தீனி எல்லாருக்கும் போதவில்லை, தாய் வெளியே தள்ளிவிட்டிருக்கிறது. மீனாம்பிகை அதை வாழையடியில் குழி தோண்டித் தாட்டாள். மகளிடம் சொல்லவில்லை. மருமகனிடமும் சொல்லவில்லை. ஆனால் அன்று பின்னேரம் யன்னல் கண்ணாடிக்கு வெளிப்பக்கமாகச் சாக்கைக் கட்டித் தொங்கவிட்டாள். ஏனென்று கேட்டதற்கு, ஆள் திரும்பி வந்தால் கண்ணாடிக்குள் ஆரோடையும் சண்டை கொழுவாமல் நேரே வீட்டுக்குப் போகட்டும் என்றாள்.

வருமென்று அவள் ஒருத்திதான் நம்பினாள். நிவேதனா உறங்கவில்லை. உள்ளேயிருந்து வருகிற கீச்சு நாளுக்குநாள் மெலிவதாக அவளுக்குப் பட்டது. சாக்கு மறைத்ததால் அறைக் கதவைத் திறந்துபோட்டு அங்கேயே இருந்தாள், தாய் சோற்றை அந்தத் திறந்த வாசலுக்கே கொண்டுவந்து வைத்தாள்.

பிறகு ஒரு முற்பகல். கஜானன் ஏணியில் நின்று மரத்தைத் தட்டிவிட்டு ஆலம்பழத்தை நீட்டுகிறான். தென்கிழக்கில் தென்னைகளுக்கு மேலால், சிறகு காற்றை அறுக்கிற பெரிய சத்தம் ஒன்று வந்தது. கறுப்பாக ஏதோ அவன் முதுகில் விழுந்தது. கத்தியபடி அவன் பிடரியைக் கொத்தியது. கஜானன் ஒரு கையால் சாரத்தையும் மறு கையால் ஏணியையும் பிடித்துக்கொண்டு நின்றான், பழமெல்லாம் கீழே கொட்டியது.

மீனாம்பிகை குசினி வாசலில் வந்து நின்று பார்த்தாள்.

“இறங்குங்கோ தம்பி,” என்றாள். “வீட்டுக்காறர் வந்திட்டார்.”

அவன் இறங்கினான். பிடரியில் இரத்தம், முகத்தில் சிரிப்பு. மேலே டொக் டொக் என்று கேட்டது. நிவேதனா வாசற்படியில் பிள்ளையோடு இருந்து அழுதாள். பறவை தொண்டையிலிருந்து பாலைப்பழம் ஒன்றைக் கக்கி எடுத்து வெடிப்புக்குள் நீட்டியது. மாங்குளத்துக் காட்டுப் பழம், ஆனையிறவைத் தாண்டி வந்திருந்தது.

ஆடி முடிய மரத்துக்குள் இருந்தவள், இறகு திரும்ப முளைத்து, சேற்றுச் சுவரை உடைத்துக்கொண்டு வெளியே வந்தாள், பின்னால் ஒரேயொரு குஞ்சு.

கேட்டிருந்த குஞ்சுகளே, உங்கள் வீடுகளில் உள்ளே அடைபட்டிருக்கிறவர்களுக்கு அன்னம் வேளைக்கு வரட்டும். அதைக் கொண்டுவரப் போனவர்கள் எந்தக் காட்டில் விடப்பட்டாலும் வழி கண்டு திரும்பி வரட்டும். உங்கள் பிள்ளைகள் நிறைந்து, உறங்கி, வளரட்டும்.