ஆறு மறுப்பும் ஒரு சம்மதமும்

1

இதில் வரும் ஒவ்வொரு சொல்லும் உண்மை என்று டேப்லெட்டின் மேல் வலது கையை வைத்துச் சத்தியம் செய்கிறேன். (கை பட்டதில் கேமரா திறந்துகொண்டது. என் மூக்கை ஒரு படம் எடுத்தது. அதுவும் ஒரு சாட்சியாக இருக்கட்டும்.)

கதை பிறந்த விதத்தையும் முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். போன நவம்பரில் உடும்பஞ்சோலையில் உட்கார்ந்துகொண்டு, எலப்புள்ளியில் இருக்கும் என் மனைவி கற்பகத்துக்கு ஏழு மெயில் எழுதினேன். நாலு நாளாக ஒன்றுகூடப் போகவில்லை. எழுதியதை வீணாக்கக் கூடாது என்பது என் கொள்கை. வயது எழுபத்துமூன்று; இனிப் புதிதாக ஏழு விஷயம் தோன்றும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. ஆகவே அவற்றையே கோத்துக் கதையாக்குகிறேன்.

தொடக்கம்: உடும்பஞ்சோலையின் ஏலக்காட்டுக்கு மேல் பனி மெல்ல இறங்கிக்கொண்டிருந்த அந்தக் காலையில்—

[நிறுத்திவிட்டேன். மலைக்கதைகள் எல்லாமே பனியில்தான் தொடங்குகின்றன. ஆனால் பனி இருந்தது உண்மை. காப்பித் தம்ளரை அதன்மேல் வைத்துவிட்டுக் கண்ணாடியைத் துடைத்தேன். திரும்பிப் பார்த்தால் தம்ளர் வைத்த இடத்திலேயே நின்றது. கொஞ்சம் ஆறியிருந்தது, அவ்வளவுதான்.]

வேறு தொடக்கம்: மனைவியின் முன்னேற்றத்தில் மிகுந்த அக்கறை கொண்ட ஒரு கணவன்—

[இதையும் நிறுத்திவிட்டேன். சத்தியம் செய்து ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை.]

2

நடந்தது இதுதான். பஞ்சாயத்துத் தேர்தல் வந்தது. எங்கள் வார்டு இந்த முறை பெண்களுக்கு. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் குடும்பஸ்ரீ பெண்கள் குழுவிலிருந்து பதினான்கு பேர் வீட்டுக்கு வந்து, கற்பகம்தான் நிற்க வேண்டும் என்றார்கள். அந்தக் குழுவுக்கு அவள் பதினெட்டு வருடமாகச் செயலாளர். அவள் என்னைப் பார்த்தாள். நான் ஒரு நகைச்சுவை சொன்னேன். பதினைந்து பேரில் ஒருவரும் சிரிக்கவில்லை. அந்த நகைச்சுவையை இந்த இடத்தில் எழுதியிருந்தேன். இரண்டாம் பிரதியில் அடித்துவிட்டேன்.

மறுநாள், திங்கட்கிழமை, காலை ஆறு மணி பஸ்ஸில் நான் மலைக்குக் கிளம்பிவிட்டேன். கஞ்சிக்கோட்டில் ஓர் ஆலையில் என்னோடு இருபத்தாறு வருடம் வேலை பார்த்த ஏசுரத்தினம், ஓய்வுபெற்றுத் தன் ஊரான உடும்பஞ்சோலைக்குத் திரும்பிப் புது வீடு கட்டியிருந்தான். வீடு ஆசீர்வாதம் சனிக்கிழமை. சனிக்கிழமை விசேஷத்துக்குத் திங்களே எதற்குப் போனீர்கள் என்று கேட்கிற வாசகர்கள் மேலே உள்ள நகைச்சுவைப் பத்தியை இன்னொரு தடவை படிக்கவும்.

செவ்வாய்க்கிழமை மதியம் கற்பகத்தின் மெயில் வந்தது. அப்படியே தருகிறேன்.

“பெறுநர்: திரு. நல்லமுத்து, முகாம் உடும்பஞ்சோலை. பொருள்: ஆட்சேபணை கோருதல். நமது வார்டில் நான் போட்டியிடுவது குறித்து உங்களுக்கு ஆட்சேபணை இருப்பின், மனுத்தாக்கலின் கடைசி நேரமான வெள்ளிக்கிழமை பகல் மூன்று மணிக்குள் காரணத்துடன் எழுத்துமூலம் தெரிவிக்கவும். பதில் வராதபட்சத்தில் ஆட்சேபணை இல்லை என்று கொள்ளப்படும். தைலம் பையின் பக்கவாட்டு ஜிப்பில் இருக்கிறது. கற்பகம், செயலாளர்.”

3

உடனே பதில் எழுதினேன். உனக்கு முழங்கால் வலி, வீடு வீடாக ஏற முடியாது, ஆகவே வேண்டாம். அனுப்பு என்ற பொத்தானை அழுத்தினேன். அம்புக்குறி சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. பிறகு அவுட்பாக்ஸ் என்ற அறையில் போய் உட்கார்ந்துகொண்டது.

ரேஞ்சு இல்லை போல என்று குருசடிப் படிக்கட்டுக்கு ஏறினேன். ஊரில் சிக்னல் ஒழுங்காகக் கிடைப்பது அந்தச் சிலுவைக் கோயில் படியில்தான். பாதி ஊர் அங்கேதான் போனோடு உட்கார்ந்திருக்கும். எல்லை ஊர் வேறு. ஒரே படியில் உட்கார்ந்திருந்த என்னைத் தமிழ்நாடு பத்தொன்பது முறையும் கேரளா பதினெட்டு முறையும் குறுஞ்செய்தி அனுப்பி வரவேற்றன. மெயில் மட்டும் நகரவில்லை. வீட்டில் இதே டேப்லெட்டில் எத்தனையோ மெயில் அனுப்பியிருக்கிறேன். இங்கே வருவது வருகிறது, போவது போகவில்லை.

புதன்கிழமை போன் செய்தேன்.

“ஏ புள்ள, நான் அனுப்பின மெயிலு வந்துதா?”

“வல்லீங்க.”

“அப்ப வாயிலயே சொல்லிப்போடறேன், கேட்டுக்க. எனக்கு—”

“வாயில வேண்டாமுங்க. நீங்க வாயில சொன்னது என்னைக்கு நின்னிருக்குது? பழனிக்கு நடந்து போறேன்னு சொல்லிப்போட்டு, பஸ் ஸ்டாண்டுல பரோட்டா தின்னுட்டு வந்து விபூதி குடுத்தீங்க. எழுத்துல குடுங்க.” வைத்துவிட்டாள்.

(வாட்ஸாப் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. ஒரு தடவை அதில் ஒரு வாக்குறுதி கொடுத்துவிட்டு, மறுநாள் இரு பக்கமும் அழித்துவிட்டேன். அதிலிருந்து அவள் மெயிலைத்தான் ஆதாரமாக ஏற்கிறாள்.)

4

என் மறுப்புகள் அவுட்பாக்ஸில் சேர்ந்துகொண்டே போயின. முதலாவது முழங்கால். இரண்டாவது: எதிரில் நிற்பது என் பங்காளி அர்த்தநாரியின் மனைவி, சொந்தத்துக்குள் பகை வேண்டாம். மூன்றாவது: நான் சொன்ன கதைகளையெல்லாம் எடுத்து மேடையில் பேசுவார்கள். நான்காவது: என் கனவில் ஒரு தாசில்தார் வந்து, வேண்டாம் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். ஐந்தாவதை அவள் பாணியிலேயே எழுதினேன்: இல்லத்தின் உணவு மேலாண்மை பாதிக்கப்படும்.

ஆறாவதை வியாழன் மதியம் எழுதினேன். அதை இங்கே—

[பிறகு தருகிறேன். தராமலும் போகலாம்.]

இந்த இடத்தில் ஒரு பாத்திரத்தைப் பற்றிய சந்தேகத்தைச் சொல்லிவிட வேண்டும். ஏசுரத்தினத்தின் மனைவி இன்பமேரி. ஏலக்காய் ஸ்டோரில் காய் தரம் பிரிப்பவள். முதல் பிரதியில் அவளை விட்டுவிட்டேன். புத்தி சொல்கிற பாத்திரங்கள் எனக்கு ஆகாது. ஆனால் அவள் இல்லாமல் கதை வெள்ளிக்கிழமையைத் தாண்ட மறுக்கிறது. அவள் சொன்னது புத்தியா வம்பா என்பதை நீங்களே பாருங்கள்.

“மதினி நிக்கட்டுமே அண்ணே. ஒங்களுக்கு என்ன கொறையுது?”

“சோறு ஆரு ஆக்கறது, அம்மணி?”

“ஏன், ஒங்க கையி வாடகைக்கா போயிருக்கு?”

ஏசுரத்தினம் சிரித்தான். “அண்ணே, ஆலையில மெஸ்ஸு நடத்துனப்ப நூத்தியெட்டுப் பேருக்கு நாந்தான் சாம்பாரு வச்சேன்னு சொன்னீங்களே.”

“அது கதைப்பா.”

“அது எங்களுக்கும் தெரியும்ண்ணே. நீங்க ஒத்துக்கிட்டது இன்னைக்குத்தான்.”

வியாழன் சாயங்காலம் கற்பகத்தின் அடுத்த மெயில் வந்தது.

“பதில் இதுவரை கிடைக்கப்பெறவில்லை. தகவலுக்காக: நம் இரண்டாம் வீதியில் பதினோரு நாளாகத் தண்ணீர் இல்லை. வால்வு எங்கே இருக்கிறது என்று வந்த அதிகாரிக்கே தெரியவில்லை. எனக்குத் தெரியும். ரோடு போட்டபோது அதை மூடிய மண்ணில் யார் வாழை வைத்தார்கள் என்பதும் தெரியும். பதினான்கு பேர் சேர்ந்து தோண்டினோம். இன்று காலை தண்ணீர் வந்தது. அந்த வீதிச் சரசு குடத்தைப் பிடிக்காமல் குழாயையே கட்டிப்பிடித்துக்கொண்டாள். வாழை அர்த்தநாரி கொழுந்தனாருடையது. கோபமாக இருக்கிறார். குலை நன்றாக இருந்தது.”

என்னிடம் வால்வைப் பற்றி இரண்டு கதைகள் உண்டு. வீட்டில் என்றால் ‘வால்வு’ என்ற சொல் அவள் வாயிலிருந்து முழுதாக வருவதற்கு முன்பே முதல் கதையைத் தொடங்கியிருப்பேன். ஆலையில் ஒரு வால்வைத் திறந்து பாரதப்புழை ஆற்றை ஒரு மதியம் முழுக்க நிறுத்தி வைத்த கதை. இங்கே வழியில்லை. எதைச் சொன்னாலும் அவுட்பாக்ஸில்தான் விழும். ஆகவே கடைசி வரி வரை படித்தேன். கல்யாணமாகி நாற்பத்தொரு வருடத்தில், குறுக்கே பேசாமல் அவள் சொன்னதை முழுதாகக் கேட்டது அன்றுதான்.

நாலு தடவை படித்தேன். நன்றாக இருந்தது. அதில் ஒரு பொய்கூட இல்லை. பொய் இல்லாமல் எப்படி நன்றாக இருக்கிறது என்பதுதான் எனக்குப் பிடிபடவில்லை.

வெள்ளிக்கிழமை காலையில் ஏழாவது மெயில் எழுதினேன். ஒரே சொல்: “நில்லு.”

அதுவும் போகவில்லை.

5

(அவுட்பாக்ஸ் பற்றிச் சிறு கட்டுரை ஒன்று இங்கே வர இருந்தது. “மனிதன் சொல்ல நினைத்தும் சொல்லாமல் விட்ட சொற்கள்—” என்று தொடங்கியது. எனக்கே கொட்டாவி வந்ததால் விட்டுவிட்டேன்.)

இதுவரை மெயில் போகவில்லையே என்றுதான் கவலைப்பட்டேன். இப்போது வேறு கவலை. மூன்று மணிக்குள் இந்தச் சம்மதம் போகாவிட்டால், அவள் கேட்ட ஒன்றுக்கும் பதில் சொல்லாதவனாக நான் ஆவணத்தில் நிற்பேன். ‘பதில் வராதபட்சத்தில்’ என்று அவள் எழுதிய அந்த வரிக்குள்தான் மிச்ச ஆயுசும். இன்பமேரியை அழைத்துக்கொண்டு ஜங்ஷனுக்கு ஓடினேன். (எழுபத்துமூன்று வயதில் ஓடினேனா என்றால், ஜீப்பில் ஓடினேன்.)

ஜங்ஷனில் ஜிஜி என்ற பெண் ஆன்லைன் விண்ணப்பக் கடை வைத்திருக்கிறாள். நாலு பேர் காத்திருந்தார்கள். கரண்ட் இல்லை. டேப்லெட்டில் சார்ஜ் ஐந்து சதவீதம். மணி இரண்டு முப்பத்திரண்டு.

“மெயிலு வருதுல்ல தாத்தா?”

“வருது.”

“போகல?”

“அதானே சமாச்சாரம்.”

ஜிஜி உள்ளே போய் எதையோ திறந்தாள். “ஒங்க வீட்டு லைன்ல இருந்தா, நீங்க யாருன்னு அது கேக்காது. வெளியூருக்கு வந்தா கேக்கும். வர்ற மெயிலுக்குப் பாஸ்வேர்டு குடுத்திருக்கீங்க. போற மெயிலுக்குக் குடுக்கல. இந்தா பாருங்க, அவுட்கோயிங் சர்வருக்குக் கீழ ஒரு கட்டம் காலியா கெடக்கு. போர்ட்டு நம்பரும் இருபத்தஞ்சுன்னு போட்டிருக்கு. ஐநூத்தி எண்பத்தேழு போடணும்.”

எலப்புள்ளியில் எழுபத்துமூன்று வருடமாக என்னை யாரும் நீ யார் என்று கேட்டதில்லை. நான் சொல்வதெல்லாம் அங்கே தானாகப் போய்ச் சேரும். அதில்தான் கெட்டுப்போனேன் போலிருக்கிறது.

“பாஸ்வேர்டு சொல்லுங்க தாத்தா.”

கற்பகம் அதை டேப்லெட் உறையின் உட்பக்கத்தில் எழுதி ஒட்டியிருந்தாள். அப்படியே சொன்னேன்: “பொய் சொல்லாதே.”

“நான் எதுக்குத் தாத்தா பொய் சொல்றேன்? நெசமாவே பாஸ்வேர்டு வேணும்.”

“அதாம்மா பாஸ்வேர்டு. பின்னாடி நாப்பத்தொண்ணு.”

காத்திருந்த நாலு பேரும் சிரித்தார்கள். ஞாயிற்றுக்கிழமை வர வேண்டிய சிரிப்பு, அஞ்சு நாள் தாமதமாக, வேறு ஊரில் வந்தது.

ஜிஜி விரலை நிறுத்தினாள். “தாத்தா, அவுட்பாக்ஸ்ல ஏழு கெடக்கு. இந்தக் கட்டத்துல டிக் போட்டேன்னா, மொதல்ல எழுதினது மொதல்ல போகும்.”

கணக்குப் போட்டுப் பார்த்தேன். முழங்கால் முன்னே போகும். அதன் பின்னால் அர்த்தநாரி, தாசில்தார், சாப்பாடு, எல்லாம் வரிசையாகப் போய் நிற்கும். கடைசியில்தான் ‘நில்லு’. ஏழுக்கும் ஒரே தலைப்பு வேறு: “மறு: ஆட்சேபணை.” என் கண்ணாடி ஏசுரத்தினம் வீட்டில்.

“இன்பமேரி, நீ படிச்சு அழிச்சுப்போடு. கடைசியா எழுதினத மட்டும் உடு.”

அவள் சத்தமாகப் படித்தாள். முழங்கால், அழித்தாள். பங்காளி, அழித்தாள். என் கதைகள், அழித்தாள். கனவுத் தாசில்தார் வந்தபோது வரிசையில் நின்ற ஒருவர், “தாசில்தாரு சீலு போட்டாரா?” என்று கேட்டார். உணவு மேலாண்மை, அவள் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, கொஞ்சம் அழுத்தியே அழித்தாள்.

ஆறாவதை அவள் சத்தமாகப் படிக்கவில்லை.

[சரி, தந்துவிடுகிறேன். “கற்பகம், நிக்க வேண்டாம். முழங்காலும் இல்லை, அர்த்தநாரியும் இல்லை. நீ மெம்பராகி ஊர்க் குறைகளைக் கேட்கப் போய்விட்டால், நான் சொல்வது பொய் என்று சொல்ல வீட்டில் யார் இருப்பார்கள்? நீ சொல்லாவிட்டால் அது பொய் என்று எனக்கே மறந்துவிடும். பயமாக இருக்கிறது.”]

“இதையும் அழிக்கணுமாண்ணே?”

“அழிச்சுப்போடு அம்மணி.”

“இத அனுப்பலாம்ண்ணே.”

“அதுல வேண்டாம்னுல்ல எழுதியிருக்கறேன்?”

“அப்படியா எழுதியிருக்கீங்க?” என்றாள். “எனக்கு அப்படித் தெரியலயே.”

மணி இரண்டு ஐம்பத்தொன்று. சார்ஜ் ஒரு சதவீதம். “சீக்கிரம்க்கா!” என்றாள் ஜிஜி. இன்பமேரியின் விரல் இறங்கியது. ஏலக்காய்க் கறை படிந்த விரல். ஒன்று அழிந்தது. ஜிஜி கட்டத்தில் டிக் போட்டாள். விர்ரென்று ஒரு மெயில் போகும் சத்தம் கேட்டது. திரை கறுத்துவிட்டது.

“எது போச்சு?” என்றேன்.

“போச்சுல்லண்ணே. அதப் பாருங்க,” என்றாள் இன்பமேரி.

6

முடிவுகள்.

(அ) ‘நில்லு’ போய்ச் சேர்ந்தது. கற்பகம் அதைப் படித்து, இரண்டு ஐம்பத்தைந்துக்கு மனுவைக் கொடுத்தாள்.

(ஆ) ஆறாவது போய்ச் சேர்ந்தது. அவள் அதைப் படித்து, முகம் கழுவிக்கொண்டு, அப்படியும் போய் மனுவைக் கொடுத்தாள்.

(இ) எதுவும் சேரவில்லை. நடுவழியில் தமிழ்நாடு அதை வரவேற்றுக்கொண்டிருக்கிறது.

டேப்லெட்டுக்குச் சார்ஜ் போட்டுப் பார்த்தால் தெரிந்துவிடுமே என்பீர்கள். பார்க்கவில்லை. முடிவு வேண்டும் என்று கேட்பவர் நீங்கள்தான். எனக்கு இரண்டு மெயிலும் வேண்டும்.

ஊருக்குத் திரும்பி, கற்பகத்திடமே கேட்டேன்.

“மெயிலு வந்துதா?”

“வந்துதுங்க.”

“எது வந்துது?”

“வர வேண்டியதுதானுங்க வந்துது.”

அரசியலுக்கு வந்த சில நாளிலேயே இப்படிப் பேசக் கற்றுக்கொண்டுவிட்டாள். முப்பத்தொரு ஓட்டில் ஜெயித்தாள். இதை நான் எழுதும்போது வாசலில் ஆறேழு பேர் அவள் கையெழுத்துக்காக நிற்கிறார்கள். நான் அடுப்படியில் இருக்கிறேன். சாம்பார் நூற்றியெட்டுப் பேருக்கு இல்லை, இரண்டு பேருக்குத்தான். ராத்திரி அவள் வந்து சாப்பிட்டுவிட்டு, உப்பு நிறைய என்று சொல்லும்போது, நிஜமாகவே நிறையத்தான் இருக்கிறது. இப்போதெல்லாம் நான் எழுதியதைப் படித்து, எது எது பொய் என்று பென்சிலில் வட்டம் போட்டுத் தருகிறாள். இந்தக் கதைக்கும் போட்டாள். எத்தனை வட்டம் என்று சொல்ல மாட்டேன்.

எது போனது, எது போயிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்பதை உங்களிடமே விட்டுவிடுகிறேன். என் பங்குக்கு ஒரு தகவலை மட்டும் பதிவு செய்கிறேன். கற்பகத்தின் வேட்புமனுவைப் பெற்றுக்கொண்டதற்கு அலுவலகம் கொடுத்த சீட்டில் இருக்கும் தேதி, நான் பஸ் ஏறிய அந்தத் திங்கட்கிழமை. நேரம், காலை பதினொன்று இருபது.