கோல்டு மெடலிஸ்ட்

எங்காத்துக்காரரை டாக்டரிடம் அழைத்துப்போவதற்குள் எனக்குப் பிராணன் போய்விட்டது. பேங்க்கிலிருந்து ரிடையரான பிறகு மனுஷர் நாற்காலியை விட்டு எழுந்திருப்பதில்லை. பேப்பர் பிரிக்காமலே கிடக்கிறது. குளிக்கச் சொன்னால், "குளிச்சு என்ன ஆகப்போறது, பாகீரதி?" என்கிறார்.

டாக்டர் சின்னப் பெங்காலிப் பெண். இங்கிலீஷில் ஒவ்வொன்றாகக் கேட்டாள். இவர் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு, ப்ரமோஷன் இன்டர்வியூவுக்கு வந்தவர் மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்தார். தூக்கம்? நன்றாக வருகிறது. பசி? குறையே இல்லை. வாழ்க்கையில் பிடிப்பு? நிச்சயமாக இருக்கிறது. எம்.ஏ.யில் கோல்டு மெடல் வாங்கினவர். எந்தக் கேள்விக்கு எந்தப் பதில் மார்க் வாங்கும் என்று அவருக்குத் தெரியாதா? எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ராத்திரி பூரா ஃபேனையே பார்த்துண்டு படுத்திருக்கார்" என்று எனக்குத் தெரிந்த பெங்காலியில் சொன்னேன்.

"அவள் எட்டாம் கிளாஸ். எதற்கெடுத்தாலும் கவலைப்படுவாள்" என்று இங்கிலீஷில் சொல்லிச் சிரித்தார். இத்தனை வருஷக் குடித்தனத்தில் அந்த இங்கிலீஷ்கூடவா எனக்குப் புரியாது?

டாக்டர் என் பக்கம் திரும்பி, சித்தி என்கிற மாதிரி பெங்காலியில் கூப்பிட்டுக் கேட்டாள். "மாஷிமா, நீங்கள் தூங்குகிறீர்களா?"

இதை யாரும் என்னிடம் கேட்டதே இல்லை. அழுதுவிட்டேன். மாத்திரையை எனக்கு எழுதிக்கொடுத்து அனுப்பினாள்.

லேக் மார்க்கெட்டில் ஆட்டோ ஏறினதும் இவர் அப்படியே துவண்டு சாய்ந்தார். கொஞ்ச தூரம் போனதும் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"எல்லாத்துக்கும் சரியாச் சொன்னேனோல்லியோ?" என்றார்.