திரை இருண்ட பிறகு

மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்த மூத்தவள், முழங்கால் வலிக்காக அம்மாவைப் பிசியோதெரபிக்குக் காரில் அழைத்துப் போய்க்கொண்டிருந்தாள். வழியில் வெளியூரிலிருந்து தங்கை கூப்பிட்டாள். அவள் குரல் கார் ஸ்பீக்கரில் கணீரென்று கேட்டது. சுற்றி வளைக்காமல் விஷயத்தைப் போட்டு உடைத்துவிட்டாள். நாலு வயதுப் பெண் குழந்தை ஒன்றைத் தத்தெடுக்கிறாள், எல்லாம் முடிவாகிவிட்டது, குழந்தை வெள்ளிக்கிழமை வீட்டுக்கு வருகிறாள்.

"ரொம்ப சந்தோஷம்டி" என்றாள் மூத்தவள். அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அந்த நேரம் பார்த்துக் காரின் திரை ஒரு தரம் மின்னிவிட்டு இருண்டு போனது. வழிகாட்டிய வரைபடமும் காணாமல் போயிற்று.

"போச்சு, கட்டாயிடுச்சு" என்று மூத்தவள் ஒரு கிடங்கின் மதிலோரமாக வண்டியை நிறுத்தினாள். திரையைத் தட்டினாள், தடவினாள், கைக்குட்டையால் துடைத்தும் பார்த்தாள். அது அசைந்து கொடுக்கவில்லை. கைப்பைக்குள் கிடந்த போனின் சார்ஜ் வயரைப் பிடுங்கிச் செருகினாள். அப்போதும் ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில் முன்பெட்டியிலிருந்து வண்டியோடு கொடுத்த கையேட்டை எடுத்துப் புரட்டத் தொடங்கினாள்.

"எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டாளா பாத்தியா?" என்று அம்மா ஆரம்பித்தாள். "எல்லாம் முடிச்சிட்டு, ஊருக்கெல்லாம் சொல்ற மாதிரி எனக்கும் சொல்றா."

"கேட்டிருந்தா நீ சரின்னு சொல்லியிருப்பியாம்மா?"

"மாட்டேன். சண்டை போட்டிருப்பேன். ரெண்டு நாள் பேசாம இருந்திருப்பேன். அதுக்கப்புறம் சரின்னிருப்பேன். அந்த ரெண்டு நாளைக்கூட எனக்கு அவ குடுக்கலயே."

கையேட்டைப் புரட்டிய விரல் நின்றது. மூத்தவளுக்கும் மனசில் ஒரு பாரம் இருந்தது. "நான் மட்டும் என்ன? சந்தோஷம்னு சொல்லிட்டேன், ஆனா பயமா இருக்கு. தனியா இருக்கா. ராத்திரி குழந்தைக்குக் காய்ச்சல் வந்தா யாரைக் கூப்பிடுவா? என்னால கடையைப் போட்டுட்டு ஓட முடியுமா?"

"நான் எதுக்கு இருக்கேன்? இந்தக் கால் மட்டும் மடங்கட்டும். தரையில உக்காராம சின்னக் குழந்தைய எப்படிப் பழக்கப்படுத்துறது? நாற்காலியில உக்காந்துக்கிட்டு அதிகாரமா பண்ண முடியும்?"

அதற்குள் கையேட்டில் வேண்டிய பக்கம் கிடைத்துவிட்டது. சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் பொத்தானை விடாமல் அழுத்திப் பிடித்தால் எல்லாம் அணைந்து புதிதாகத் தொடங்குமாம். மூத்தவள் பொத்தானில் விரலை வைத்தாள்.

"அம்மா" என்றது ஸ்பீக்கர்.

அம்மாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது, கதவைப் பிடித்துக்கொண்டாள். "அடிப்பாவி! நீ இன்னும் லைன்லதான் இருக்கியா?"

"இருக்கேன். சொல்லத்தான் வாயெடுத்தேன். அதுக்குள்ள நீ ஆரம்பிச்சிட்ட." மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. "நீ வேண்டாம்னு சொன்னா எனக்குத் தைரியம் போயிடும்னு பயம்மா. அதான் கேக்கல."

பக்கத்தில் ஒரு லாரி பின்வாங்கி மதிலோடு ஒட்டி நின்றது. பொத்தானை அழுத்தினால் திரை வந்துவிடும், பேச்சு அறுந்துவிடும். மூத்தவள் விரலை எடுத்துக் கையேட்டை மூடினாள்.

அம்மா முந்தானையைச் சரிசெய்துகொண்டு, எதிரே ஆள் உட்கார்ந்திருப்பது போல முன்னால் சாய்ந்தாள். "அவளுக்கு என்ன பிடிக்கும்?"

"தெரியலம்மா. எங்கிட்டயே இன்னும் சரியா பேசல. அவளைப் பாக்கப் போனப்பல்லாம் என் செருப்பையே பாத்துக்கிட்டு நிக்கிறா."

"பேசுவா. அவசரப்படுத்தாதே. நீயே மூணு வயசு வரைக்கும் வாயத் தொறக்கல, உங்கப்பா டாக்டர் டாக்டரா அலைஞ்சாரு. செருப்பைப் பாக்குறாளா? அப்ப வெள்ளிக்கிழமை கூட்டிட்டு வரப் போகும்போது கொஞ்சம் கலரா ஒண்ணு போட்டுக்கிட்டுப் போயேன்."

தங்கை அழுகையும் சிரிப்புமாகத் தடுமாறினாள்.

மூத்தவள் வண்டியைக் கிளப்பினாள். வரைபடம் இல்லாததால் பெட்ரோல் பங்க்கில் ஒருவரிடமும் பூக்கடைக்காரியிடமும் வழி கேட்டு, ஒரு சந்தில் தப்பாகத் திரும்பி, ஒருவழியாகப் போய்ச் சேர்ந்தார்கள். தாமதமாகிவிட்டது. பிசியோதெரபிஸ்ட் வாசலுக்கே வந்து கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார். அம்மா காருக்குள்ளிருந்தே பொறு என்று கை காட்டிவிட்டு, குழந்தை எந்தப் பக்கம் படுத்துத் தூங்கும் என்று விசாரித்துக்கொண்டிருந்தாள்.