தப்புக்குப் போட்ட ரைட்

எங்கள் நடுநிலைப் பள்ளியில் கணக்கு ஆசிரியர் இடம் இரண்டு வருடமாகக் காலி. ஒருநாள் தலைமையாசிரியை என்னைக் கூப்பிட்டு, "மாஸ்டர், ஏழாம் வகுப்புக் கணக்கை நீங்கதான் பார்த்துக்கணும்" என்றார். நான் விளையாட்டு ஆசிரியர். விசிலும் பந்தும்தான் எனக்குத் தெரிந்த பாடம். முடியாது என்று சொல்ல வாய் வரவில்லை; அவரே மூன்று வகுப்புகளை ஒண்டியாகச் சமாளித்துக்கொண்டிருந்தார்.

காலாண்டுத் தேர்வில் நாற்பத்தொரு பேரில் ஆறு பேர்தான் தேறினார்கள்.

விடைத்தாள் கொடுத்த மறுநாள், மதிய இடைவேளையில் ஓர் அம்மா வந்தார். கழுத்தில் இஞ்ச் டேப். அடுத்த தெருத் தையல் கம்பெனியில் துணி வெட்டுபவர். கடைசி பெஞ்ச் வாயாடியைப் பெற்றவர். வகுப்பில் யாரும் இல்லை. கதவைச் சாத்திவிட்டு மகளின் விடைத்தாளை மேஜையில் விரித்தார்.

"அரையும் காலும் சேர்ந்தா ஆறுல ரெண்டுன்னு எழுதியிருக்கா சார். நீங்க ரைட் போட்டிருக்கீங்க."

மேலே ஒன்றும் ஒன்றும் இரண்டு, கீழே இரண்டும் நாலும் ஆறு. எனக்குச் சரியாகத்தான் பட்டது.

"அரைத் துணியோட கால் துணியைச் சேர்த்தா, அரையைவிடக் குறைஞ்சு போகுமா சார்?"

"எனக்கே தெரியாதும்மா" என்றேன்.

"தெரியும் சார். அதான் கதவைச் சாத்தினேன்." அவர் குரலில் குத்தல் இல்லை. "நான் எட்டாவதோட நின்னவ. எழுதிக் காட்ட வராது, வெட்டிக் காட்டுவேன். சாப்பாட்டுக்கு அரை மணி விடுறாங்க. வரட்டுமா?"

மறுநாளிலிருந்து பை நிறைய வெட்டுத்துணியோடு வந்தார். எனக்கும் தெரியாது என்று பிள்ளைகளிடம் சொல்லிவிட்டு, நான் வாயாடிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். "நகருங்க மாஸ்டர், மறைக்குது" என்றாள். அரைத் துணியை அவள் அம்மா இரண்டாக வெட்டி, கால் துணிக்குப் பக்கத்தில் வைத்தார். "துண்டெல்லாம் ஒரே அளவா இருந்தாத்தான் எண்ண முடியும். இப்ப எண்ணுங்க." மூன்று கால். முக்கால். அவர் வெட்டியதை நான் புத்தகத்தைப் பார்த்துக் கரும்பலகையில் எழுதினேன். பாதி நாள் அவர் சாப்பிடாமலே வேலைக்கு ஓடினார்.

முழுஆண்டுத் தேர்வில் இருபத்தொன்பது பேர் தேறினார்கள். மீதிப் பன்னிரண்டு பேருக்கு விடுமுறையிலும் நாங்கள் இருவரும் வகுப்பு வைத்திருக்கிறோம்.

முடிவு வந்த அன்று நேராகத் தையல் கம்பெனிக்குப் போனேன். வாசலில் மேற்பார்வையாளர், "யாரு நீங்க, யாரைப் பார்க்கணும்?" என்றார்.

"உள்ளே துணி வெட்டுறாங்களே, அவங்க மாணவன்" என்றேன்.

தலை நரைத்த என்னை அவர் ஏற இறங்கப் பார்த்தார். உள்ளே மெஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன. கத்தரிக்கோலோடு அந்த அம்மா எழுந்து வந்தார். நான் கைகூப்பி நின்றேன்.

"உட்காருங்க சார், தண்ணி குடிங்க" என்று ஸ்டூலை இழுத்துப் போட்டார்.